கீழ்வீட்டு டெஸ்க்டாப்பும் மாடி லேப்டாப்பும்: வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர முழுமையான வழிகாட்டி

தங்கை கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்து ஸ்டூடியோக்காரர் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொடுத்து, "நாளைக்கே திருப்பிக் குடுத்துடுங்க சார், இன்னொரு பார்ட்டிக்கு வேணும்" என்றார். மொத்தம் 58 ஜிபி. என் லேப்டாப்பில் இறக்கி வைத்தேன். மறுநாள் காலையில் அப்பா கீழிருந்து குரல் கொடுத்தார்: "அந்த வீடியோவை என் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுப்பா." என்னிடம் இருந்தது 32 ஜிபி பென்டிரைவ். முகூர்த்த வீடியோ மட்டுமே 11 ஜிபி, அதுவும் ஒரே கோப்பு. பென்டிரைவோ எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்தது. 4 ஜிபியைத் தாண்டிய எந்தக் கோப்பும் அதில் ஏறாது. சின்னச் சின்னக் கோப்புகளோடு நாலு தடவை மாடிப்படி ஏறி இறங்கிய பிறகுதான், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரில்தானே இருக்கின்றன என்று உறைத்தது.

உறைத்ததோடு முடியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்து இரவு பதினொன்றுக்குத்தான் முதல் கோப்பு நகர்ந்தது. இடையில் கேபிளை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், ஆன்டிவைரஸை நிறுத்தினேன். குறை அங்கெல்லாம் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றின் கதவைத் தட்டும்போது உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்கிறது. அதற்குச் சரியான பதில் சொல்லாமல் நான் கதவையே ஆறு மணி நேரம் இடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிலை முதலிலேயே தயார் செய்துவிட்டால் மொத்த வேலையும் இருபது நிமிடம்தான். இந்த வழிகாட்டி அதைச் சுற்றித்தான் போகிறது.

எங்கள் வீட்டு ஏற்பாட்டையே எடுத்துக்கொள்கிறேன். கீழே அப்பாவின் டெஸ்க்டாப், விண்டோஸ் 10. மாடியில் என் லேப்டாப், விண்டோஸ் 11. உங்கள் வீட்டில் இரண்டுமே 11 என்றாலும் முறை ஒன்றுதான். செட்டிங்ஸில் இடம் கொஞ்சம் மாறும், அதை அங்கங்கே சொல்கிறேன்.

எந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்காரர், எது விருந்தாளி?

இரண்டிலும் ஷேர் செய்ய வேண்டியதில்லை. ஒன்றில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட்டால் போதும்; இன்னொன்று அங்கே போய் எடுக்கவும் செய்யலாம், வைக்கவும் செய்யலாம். எது எப்போதும் ஓரிடத்தில் இருக்கிறதோ, எதில் இடம் அதிகமோ, அதை வீட்டுக்காரராக வையுங்கள். எங்களுக்கு அது அப்பாவின் டெஸ்க்டாப். லேப்டாப்பை வீட்டுக்காரராக வைத்தால், மூடியை மூடியதும் ஃபோல்டர் காணாமல் போகும்.

இனி டெஸ்க்டாப் என்றால் ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டர், லேப்டாப் என்றால் அதைத் தேடிப் போகும் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இரண்டும் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில்தானா?

"ஒரே வைஃபைதானே" என்று சொல்லிவிட்டுத் தாண்டாதீர்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். வரும் பட்டியலில் ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் டெஸ்க்டாப்புக்கு 192.168.1.5, லேப்டாப்புக்கு 192.168.1.8. முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன என்று அர்த்தம். கடைசி எண் கதவிலக்கம். டெஸ்க்டாப்பின் எண்ணை ஒரு துண்டுத்தாளில் குறித்து வையுங்கள்.

முதல் மூன்று எண்கள் வேறுபட்டால் இரண்டு காரணங்கள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் மாட்டியிருக்கிறது. விருந்தினருக்கான அந்த வைஃபையின் வேலையே உள்ளே இருப்பவர்களைப் பார்க்கவிடாமல் தடுப்பதுதான். சில ரவுட்டர்களில் சாதாரண வைஃபையிலும் ஏபி ஐசொலேஷன் என்று ஒரு வசதி இருக்கும். அது ஆனாக இருந்தால் எண்கள் ஒத்துப்போனாலும் வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது.

இரண்டாவது காரணம் மாடிவீடுகளில் சகஜம். கீழே ஃபைபர்காரர் வைத்த பெட்டி, மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று நாமே வாங்கிய இன்னொரு ரவுட்டர். கீழ்ப் பெட்டியிலிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரில் இன்டர்நெட் கேபிளுக்கென்று இருக்கும் வான் (WAN) போர்ட்டில் செருகியிருப்போம். அப்போது மாடி ரவுட்டர் தனிக்குடித்தனம் போய்விடும், கீழே 192.168.1 வரிசை, மேலே 192.168.0 வரிசை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாடியிலிருந்து ஐபி எண்ணைக் கொடுத்துக் கீழே போக முடியும், கீழிருந்து மேலே வர முடியாது. பாதி வேலை செய்வதால் ஆளைக் குழப்பியெடுக்கும். மாடி ரவுட்டரின் செட்டிங்ஸில், தனி நெட்வொர்க் போடாமல் சிக்னலை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும். அந்த மோடு இல்லாத பழைய ரவுட்டர் என்றால், ஐபி எண்களைத் தானாக ஒதுக்கும் அதன் டிஎச்சிபியை அணையுங்கள், அதன் சொந்த ஐபி எண் கீழ்ப் பெட்டியின் எண்ணோடு மோதாதபடி மாற்றுங்கள், கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட்டில் செருகுங்கள்.

ரவுட்டரே இல்லாத வீடா? போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்தால் பல போன்களில் வேலை நடக்கும். கோப்பு கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் போவதால் டேட்டா பேக் தீராது. நேராக ஒரு கேபிளால் இரண்டையும் இணைக்கலாம் என்பதும் உண்மைதான்; இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு கிராஸ் கேபிள் தேவையில்லை. ஆனால் அந்த இணைப்பை விண்டோஸ் 'அன்ஐடென்டிஃபைட் நெட்வொர்க்' என்று சந்தேகத்தோடு பார்த்து, பொது இடம் என்றே முத்திரை குத்திவிடும். அதை மாற்றுவது தனித் தலைவலி. புதிதாகச் செய்பவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டாம் படி: இது வீடு, பஸ் ஸ்டாண்டு இல்லை என்று சொல்வது

விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டாகப் பிரிக்கிறது. பப்ளிக் என்றால் வழக்கமாக எல்லாக் கதவையும் சாத்திக்கொள்ளும். புது வைஃபையில் இணைக்கும்போது அது கேட்ட கேள்வியை நாம் படிக்காமல் தட்டிவிட்டிருப்போம். பெரும்பாலான வீடுகளில் பப்ளிக் என்றே கிடக்கும்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் செட்டிங்ஸ் திறந்து நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் 11-இல் வைஃபை, அதற்குள் உங்கள் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ். விண்டோஸ் 10-இல் ஸ்டேட்டஸ் பக்கத்திலேயே ப்ராப்பர்ட்டீஸ் பொத்தான் இருக்கும். அங்கே பிரைவேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டீக்கடை வைஃபைக்கு இதைச் செய்யாதீர்கள், உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும்.

அடுத்தது அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ். விண்டோஸ் 11-இல் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் வழியாகப் போகலாம். விண்டோஸ் 10-இல் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், அதன் இடப்பக்கப் பட்டியலில் இருக்கும். பிரைவேட் என்ற தலைப்பின் கீழே நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். பப்ளிக் தலைப்பின் கீழே இரண்டும் ஆஃபாகவே இருக்கட்டும்.

அதே பக்கத்தின் அடியில் ஆல் நெட்வொர்க்ஸ் என்று ஒரு பகுதி. அதில் பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங். யூடியூபில் பத்துப் பேரில் எட்டுப் பேர் "இதை ஆஃப் பண்ணுங்க நண்பர்களே" என்பார்கள். பண்ணாதீர்கள். ஆஃப் செய்தால் வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் நுழையலாம். அதோடு, இப்போது அந்தக் குறுக்குவழி ஒழுங்காக வேலையும் செய்வதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் புரோ ஓடும் கம்ப்யூட்டர்களும் பெயரில்லா விருந்தாளியாகப் போக மறுக்கின்றன. "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை இதைத் தடுக்கிறது" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்த நிறுவனம், என்ன கொள்கை என்று நானும் முழித்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் ஆபீசுகளுக்காக எழுதி வைத்த வாசகம் அது, நமக்கும் வந்துவிடுகிறது.

மூன்றாம் படி: டெஸ்க்டாப்பில் ஒரு தனி பயனர்

என் ஆறு மணி நேரம் போனது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்பைத் தட்டியதும் ஒரு பெட்டி வந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. "அப்பா, உங்க பாஸ்வேர்டு என்ன?" என்றேன். "அதான் நாலு நம்பர், தினமும் போடறேனே" என்றார். போட்டேன், தவறு என்றது. திரும்பப் போட்டேன், தவறு. அப்பா எழுந்து வந்து தன் கையாலேயே போட்டுப் பார்த்தார். "நம்ம கம்ப்யூட்டர் நம்மளையே நம்ப மாட்டேங்குதே" என்றார்.

விஷயம் என்னவென்றால், அந்த நாலு எண் பாஸ்வேர்டே இல்லை, அது பின். விண்டோஸில் பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் செல்லும். நெட்வொர்க் வழியாக வருபவரிடம் அது செல்லாக்காசு. கைரேகை, முகம் காட்டித் திறப்பதும் அப்படித்தான். நெட்வொர்க்குக்குத் தேவை அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர் என்றால் பெயர் இருக்கும் இடத்தில் மின்னஞ்சல் முகவரி, பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு. கம்ப்யூட்டர் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கிறது? இன்னொரு வகை வீடும் உண்டு: பாஸ்வேர்டே வைக்காமல் நேராகத் திறக்கும் கம்ப்யூட்டர். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் அனுமதிக்காது. காலியாக விட்டு எத்தனை தடவை ஓகே தட்டினாலும் திறக்காது.

இந்தச் சிக்கலுக்கெல்லாம் ஒரே மருந்து, பகிர்வுக்கென்றே டெஸ்க்டாப்பில் ஒரு லோக்கல் பயனரை உருவாக்குவது. அப்பாவின் கணக்கைத் தொட வேண்டியதில்லை, அவர் பின்னை மாற்ற வேண்டியதில்லை.

1. டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ். விண்டோஸ் 10-இல் ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ், 11-இல் அதர் யூசர்ஸ்.

2. புது ஆளைச் சேர்க்கும் பொத்தானைத் தட்டினால் மின்னஞ்சல் கேட்கும். கீழே, "இவருடைய விவரம் என்னிடம் இல்லை" என்ற பொருளில் ஒரு சின்ன இணைப்பு இருக்கும். அதைத் தட்டுங்கள். அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கில்லாமல் பயனரைச் சேர்க்கும் இணைப்பைத் தட்டுங்கள்.

3. பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னதாக. நான் 'வீடு' என்பதை ஆங்கில எழுத்தில் போட்டேன். பாஸ்வேர்டு கட்டாயம் வையுங்கள். மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கும். ஏதாவது பதில் கொடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. அந்தக் கணக்கு ஸ்டாண்டர்டு யூசர் என்றே இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்க வேண்டாம்.

மறுநாள் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது நுழைவுத் திரையில் இந்தப் புதுப் பெயரும் நிற்கும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, காலை ஆறு மணிக்கு "யாருடா இது புதுசா நம்ம கம்ப்யூட்டர்ல?" என்ற குரலில்தான் கண் விழித்தேன்.

நான்காம் படி: ஃபோல்டரைத் திறந்துவிடுவது

டி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். டெஸ்க்டாப் திரையிலோ டாக்குமென்ட்ஸ் உள்ளேயோ இருப்பதை ஷேர் செய்யாதீர்கள். அவை சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஆழத்தில் இருக்கின்றன. சுலப முறையில் ஷேர் கொடுத்தால் விண்டோஸ் அந்த யூசர்ஸ் ஃபோல்டரையே பகிர்வுப் பட்டியலில் போட்டுவிடும். டி டிரைவ் முழுவதையும் ஷேர் செய்வதும் வேண்டாம். பத்திரம், பட்டா, பேங்க் ஸ்டேட்மென்ட் ஸ்கேன் எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஃபோல்டர் பெயரையும் ஆங்கில எழுத்தில் வைத்தால் பின்னால் பாதை தட்டும்போது வசதி. உள்ளே இருக்கும் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. 'முகூர்த்தம்', 'வரவேற்பு' என்றிருந்தவை எழுத்து உடையாமல் போய்ச் சேர்ந்தன.

ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் என்ற தாவல். அங்கே ஷேர், அட்வான்ஸ்டு ஷேரிங் என்று இரண்டு பொத்தான்கள். வீட்டுக்கு முதல் பொத்தான் போதும். அதைத் தட்டி, கீழ்விழும் பட்டியலில் புதிதாக உருவாக்கிய பயனரைத் தேர்ந்தெடுத்து ஆட் கொடுங்கள். பெயருக்கு எதிரே ரீட் என்று நிற்கும். பார்க்க மட்டும் போதும் என்றால் அப்படியே விடலாம். கோப்பு வைக்கவும் வேண்டும் என்றால் ரீட்/ரைட் ஆக்குங்கள். பிறகு ஷேர்.

அட்வான்ஸ்டு பொத்தானில் போனால் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸில் அனுமதி இரண்டு இடத்தில் பார்க்கப்படுகிறது. ஷேரிங் தாவலில் இருப்பது தெருக் கேட், செக்யூரிட்டி தாவலில் இருப்பது அறைக் கதவு. இரண்டில் எது கறாரோ அது சொன்னதுதான் சட்டம். கேட்டில் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிட்டு, அறைக் கதவில் அந்தப் பயனரின் பெயரே இல்லையென்றால், ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும், உள்ளே விடாது. ஷேர் பொத்தான் இரண்டையும் சேர்த்தே சரிசெய்துவிடுகிறது.

கடைசியாக, டெஸ்க்டாப் தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் அண்ட் ஸ்லீப் செட்டிங்ஸில், கரண்டில் இருக்கும்போது ஸ்லீப் நெவர். திரை அணைந்தால் பரவாயில்லை, கம்ப்யூட்டர் தூங்கினால் ஷேரும் தூங்கிவிடும்.

ஐந்தாம் படி: லேப்டாப்பிலிருந்து கதவைத் தட்டுவது

எல்லோரும் முதலில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்பதைத் தட்டி, டெஸ்க்டாப்பின் படம் வருகிறதா என்று காத்திருப்பார்கள். அதை நம்பாதீர்கள். அந்தப் பட்டியல் வேறொரு ஏற்பாட்டில் ஓடுகிறது. பட்டியலில் காணவில்லை என்றாலும் ஷேர் நன்றாகவே வேலை செய்யும். நேராக எண்ணைக் கொடுத்துப் போங்கள்.

விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில்

\\192.168.1.5

என்று தட்டி என்டர். உங்கள் துண்டுத்தாளில் இருக்கும் எண்ணைப் போடுங்கள். சாய்வுக்கோடு இரண்டும் இடப்பக்கம் சாய்ந்தவை. பெரும்பாலான கீபோர்டுகளில் என்டருக்கு மேலே இருக்கும். தமிழ் கீபோர்டு ஆனாக இருந்தால் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பெட்டி வரும். இங்கே இன்னொரு நுணுக்கம். பெயரை மட்டும் போட்டால், லேப்டாப் சில நேரம் அதைத் தன்னுடைய பயனர் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் டெஸ்க்டாப்பின் பெயர், ஒரு இடச்சாய்வுக்கோடு, பயனர் பெயர் என்று சேர்த்துத் தட்டுங்கள். ஊரும் பேரும் சேர்த்துச் சொல்வது மாதிரி. டெஸ்க்டாப்பின் பெயர் அதன் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தில் இருக்கும். பாஸ்வேர்டு போட்டு, நினைவில் வைக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுங்கள்.

ஃபோல்டர் திறந்ததா? இனி அது உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டர் மாதிரிதான். இழுத்துப் போடுங்கள்.

தினமும் ரன் பெட்டிக்குப் போக வேண்டாம். திஸ் பிசி பக்கத்தில் மூன்று புள்ளியைத் தட்டி, மேப் நெட்வொர்க் டிரைவ் கொடுங்கள். விண்டோஸ் 10-இல் இது மேலே கம்ப்யூட்டர் தாவலில் இருக்கும். இசட் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாதையில் மேலே சொன்ன எண்ணோடு இன்னொரு இடச்சாய்வுக்கோடும் ஃபோல்டர் பெயரும் சேர்த்து, அடுத்த தடவையும் தானாக இணைக்கச் சொல்லும் டிக்கை விட்டுவையுங்கள். சி, டி பக்கத்தில் இசட் என்று ஒரு டிரைவ் வந்து உட்காரும்.

ஒரு மாதம் கழித்து இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தால் பயப்படாதீர்கள். ரவுட்டர் டெஸ்க்டாப்புக்கு வேறு கதவிலக்கம் கொடுத்திருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் டெஸ்க்டாப்புக்கு அந்த எண்ணையே நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம். அது கைவரவில்லையென்றால் எண்ணுக்குப் பதில் கம்ப்யூட்டர் பெயரைப் பாதையில் போடுங்கள். பெயர் 15 எழுத்துக்குள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கும்படி மாற்றிக்கொள்வது நல்லது.

58 ஜிபி போக எவ்வளவு நேரம்?

முதல் தடவை காப்பி கொடுத்தபோது விநாடிக்கு 5 எம்பி என்று ஓடியது. கணக்குப் போட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல். "நம்ம நெட்டு 100 எம்பிபிஎஸ் பிளானாச்சே" என்றார் அப்பா. அந்தத் திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோப்பு வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை, இன்டர்நெட் கட்டாகியிருந்தாலும் இது நடக்கும். தவிர எம்பிபிஎஸ் என்பது மெகாபிட், காப்பி பெட்டி காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.

வைஃபை மெதுவாக இருக்க முக்கியமான காரணம், இரண்டு கம்ப்யூட்டரும் வைஃபையில் இருப்பது. ஒவ்வொரு துண்டும் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து டெஸ்க்டாப்புக்கு ஒருமுறை என்று அதே காற்றில் இருமுறை பயணம் செய்கிறது. டெஸ்க்டாப்பை மட்டும் கேபிளில் மாட்டினாலே வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். லேப்டாப்பை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினால் இன்னும் ஏறும், ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால்.

இரண்டையும் கேபிளில் மாட்டினால் கதையே வேறு. 100 மெகாபிட் போர்ட் என்றால் விநாடிக்கு 11 எம்பி, 58 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம். கிகாபிட் போர்ட் என்றால் 110 எம்பி வரை, ஒன்பது பத்து நிமிடம். ஈதர்நெட் ப்ராப்பர்ட்டீஸில் லிங்க் ஸ்பீடு பாருங்கள். ரவுட்டரும் கம்ப்யூட்டரும் கிகாபிட்டாக இருந்தும் 100 என்றே நின்றால், கேபிளைச் சந்தேகப்படுங்கள். 100 மெகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேபிளுக்கு முனை போட்டவர் ஒரு கம்பியைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தாலும் கம்ப்யூட்டர் ஒன்றும் புகார் சொல்லாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எங்கள் வீட்டில் பழுப்புக் கம்பி ஒன்று முனைக்குள் எட்டவே இல்லை. புது முனை போட்டதும் 1000 என்றது.

ஆயிரக்கணக்கான போட்டோக்கள் தனித்தனியாகப் போகும்போது வேகம் பாதாளத்துக்கு இறங்கும். ஒவ்வொரு கோப்புக்கும் திறப்பது, மூடுவது, சரிபார்ப்பது என்று தனிச் சடங்கு உண்டு. எல்லாவற்றையும் ஒரு ஜிப் ஆக்கி அனுப்பினால் அந்த நேரம் மிச்சம். பெரிய காப்பி ஓடும்போது கரண்ட் போகும் பயமிருந்தால் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் உண்டு. பாதியில் காலை வாரிவிடுவது ரவுட்டர்தான்.

கதவு திறக்கவில்லை என்றால்

80070035 என்று முடியும் எண்ணோடு, பாதையே கிடைக்கவில்லை என்று வந்தால் இன்னும் பாஸ்வேர்டு கட்டத்துக்கே வரவில்லை. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிங் (ping) கட்டளையோடு டெஸ்க்டாப் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பதில் வரவில்லையென்றால் முதல் இரண்டு படிகளுக்குத் திரும்பிப் போங்கள். பெரும்பாலும் பப்ளிக் என்றே நின்றிருக்கும். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கலாம். வீட்டு நெட்வொர்க்கை நம்பலாம் என்று அதற்கும் தனியாகச் சொல்ல வேண்டும்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் தவறு என்றால், முன்பு போட்ட தவறான பெயரை லேப்டாப் நினைவில் வைத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் போய், டெஸ்க்டாப் எண்ணோ பெயரோ இருக்கும் வரியை நீக்குங்கள். லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தட்டுங்கள். ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு பெயரில் போக முடியாது என்று 1219 எண்ணோடு வரும் பிழைக்கும் இதே வைத்தியம்தான்.

தேடினால் இன்னொரு யோசனையும் கிடைக்கும்: விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யுங்கள் என்று. தயவுசெய்து வேண்டாம். எஸ்எம்பி என்பது விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கோப்பு பரிமாறப் பேசும் மொழி. 1 அதன் மிகப் பழைய வடிவம். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் படிப்படியாகக் கழற்றத் தொடங்கிவிட்டது. இரண்டு நவீன விண்டோஸ்களுக்கு நடுவே அது தேவையே படாது. உங்கள் வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி மாதிரிப் பழையது ஏதாவது ஓடினால்தான் அந்தக் கேள்வி எழும், அதற்குப் பதில் பென்டிரைவ்தான். அதே மாதிரி ஹோம்குரூப் என்று சொல்லும் பழைய குறிப்புகளையும் தாண்டிப் போங்கள். விண்டோஸ் 7-இல் வந்த அந்த வசதி 2018-லேயே விண்டோஸ் 10-இலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

வெளியூரிலிருந்தும் இந்த ஃபோல்டரைத் திறக்க ஆசைப்பட்டு ரவுட்டரில், எஸ்எம்பி போய்வரும் 445 போர்ட்டைத் திறந்துவிடவும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அப்பாவின் டெஸ்க்டாப் மாதிரியான கம்ப்யூட்டர் ரவுட்டருக்கு உள்ளேயே இருப்பதுதான் அதற்கு மரியாதை.

நான் தெரிந்துகொள்ளத் தாமதமான ஒன்று

நெட்வொர்க் டிரைவில் ஒரு கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. லேப்டாப்பிலும் இருக்காது, டெஸ்க்டாப்பிலும் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இசட் டிரைவைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்து, அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்த ஃபோல்டரை 'பழசு' என்று நினைத்து அழித்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று விண்டோஸ் கேட்டது. வழக்கமாகக் கேட்பதுதானே என்று ஆமாம் தட்டினேன். ரீசைக்கிள் பின்னைத் திறந்தால் காலி. நல்லவேளை, சித்தப்பா வீட்டு சிடியில் ஒரு பிரதி இருந்தது. அன்றிலிருந்து பழைய படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தனியாக ரீட் மட்டும் கொடுத்து ஷேர் செய்திருக்கிறேன். புதியவை வந்து விழ மட்டும் ரீட்/ரைட் ஃபோல்டர் ஒன்று. கோப்புகளைப் பூட்டும் வைரஸ் லேப்டாப்பில் நுழைந்தாலும், ரீட் மட்டும் இருக்கும் ஷேரை அது லேப்டாப் வழியாகத் தொட முடியாது.

மேக், லினக்ஸ், போன்

மேக்கில் ஃபைண்டரின் கோ மெனுவில் கனெக்ட் டு சர்வர் கொடுத்து அதே எண்ணைப் போட்டால் அதே பெயரும் பாஸ்வேர்டும்தான். உபுண்டு மாதிரியான லினக்ஸில் ஃபைல்ஸ் பக்கத்தின் அதர் லொக்கேஷன்ஸ் அல்லது நெட்வொர்க் பகுதி. எதிர்த்திசையில், லினக்ஸில் இருப்பதை விண்டோஸுக்குத் திறந்துவிட சாம்பா என்ற மென்பொருளை நிறுவ வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தது, எஸ்எம்பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடி வைத்த பெயர். ஆண்ட்ராய்டு போனில் விஎல்சி இருந்தால் அதன் நெட்வொர்க் பகுதி வழியாக இந்த ஃபோல்டரின் வீடியோவைக் காப்பி செய்யாமலே பார்க்கலாம்.

ஒரே ஒருமுறை, ஒரே ஒரு கோப்பு என்றால் இத்தனையும் வேண்டாம். லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலியை இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டு, திறந்து, அனுப்பிவிட்டு மூடிவிடலாம். பயனரும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. வாரத்துக்கு மூன்று தடவை அனுப்ப வேண்டியிருந்தால் ஷேர்தான் நிம்மதி.

ஷேரை நிறுத்த

அதே ஷேரிங் தாவலில் அட்வான்ஸ்டு ஷேரிங் திறந்து, ஷேர் திஸ் ஃபோல்டர் டிக்கை எடுத்தால் கதவு சாத்தப்படும். எந்தெந்த ஃபோல்டர் திறந்து கிடக்கிறது என்று மறந்துபோனால், டெஸ்க்டாப்பில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து ஷேர்டு ஃபோல்டர்ஸ் பாருங்கள். ஷேர்ஸ் பட்டியலில் எல்லாம் வரிசையாக இருக்கும். செஷன்ஸ் பக்கத்தில் இப்போது யார் உள்ளே இருக்கிறார்கள், ஓபன் ஃபைல்ஸ் பக்கத்தில் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்றும் தெரியும். அந்தப் பட்டியலில் சி, டி என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் $ குறியோடு சில வரிகள் நிற்கும். அவற்றை நீங்கள் திறக்கவில்லை; விண்டோஸே அட்மினிஸ்ட்ரேட்டருக்காக வைத்துக்கொள்பவை. நாம் உருவாக்கிய ஸ்டாண்டர்டு பயனர் அவற்றின் வழியாக நுழைய முடியாது. அழித்தாலும் அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்ப வந்து நிற்கும், அப்படியே விட்டுவிடுங்கள்.